போய்ச் சேராத படம்

2017 ஜூலை 15, சனிக்கிழமை. திருப்பூரில் அன்று பவர் கட். யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே, சீனாவின் குவாங்சோவில் இருக்கும் எங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு, வாட்ஸ்அப் மாதிரியான சீனச் செயலி வீசாட்டில், ஒரு படம் அனுப்பினேன். காலி நாற்காலி ஒன்று, அதன் மேல் நோபல் பதக்கமும் சான்றிதழும். 2010 டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில் எடுத்த படம். அமைதிக்கான பரிசு பெற்ற, ஜனநாயகம் கேட்டு எழுதிய சீன எழுத்தாளர் லியு சியாவ்போ அப்போது சிறையில் இருந்தார். அவர் வீட்டிலிருந்தும் யாரையும் வரவிடவில்லை. அதனால் பரிசை நாற்காலியில் வைத்தார்கள். நான் படம் அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஷென்யாங் நகர மருத்துவமனை ஒன்றில், காவலில் இருந்தபடியே, ஈரல் புற்றுநோயால் இறந்திருந்தார். நான் படம் அனுப்பிய அன்று அவர் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள்.

எதற்கு அனுப்பினேன் என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் இல்லை. செய்தியைப் படித்தேன், மனசு கனமாக இருந்தது, எனக்குத் தெரிந்த ஒரே சீனத் தோழி அவர். படத்துக்குக் கீழே "ரொம்ப வருத்தமான செய்தி" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "ஆமாம் அண்ணா, அஞ்சாம் நம்பர் ஜிப் ரேட் ஏறிடுச்சு. திங்கள் வரைக்கும் பழைய ரேட்டுக்குத் தரச் சொல்லியிருக்கேன்."

நான் எங்கள் மாமா கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறவன். ஜிப், பட்டன், எலாஸ்டிக், லேபிள் என்று அக்சசரீஸ் வாங்க வருஷத்துக்கு இரண்டு தடவை குவாங்சோ போவேன். மற்ற நாளெல்லாம் வீசாட்தான். சாம்பிள் போட்டோ, ரேட், பார்சல் நம்பர், குரல் செய்தி எல்லாம் அதில்தான் ஓடும். இவர் 1989க்குப் பிறகு பிறந்தவர், கெட்டிக்காரர். முதலில் எல்லாரையும்போல என்னையும் "லாவோபான்" என்றார், முதலாளி என்று அர்த்தம். நான் முதலாளி இல்லை அம்மா என்று சொல்லிச் சொல்லி, இரண்டாவது பயணத்தில் "அண்ணா" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டார். பெயர் இங்கே வேண்டாம்.

அந்தப் பதிலைப் படித்துவிட்டு, பெண் சாமர்த்தியமாகப் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அக்டோபரில் நேரில் பார்த்தபோது நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து, அன்றைக்கு அந்தப் படத்துக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். எந்தப் படம் என்றார். போனை எடுத்துக் காட்டினேன். அவரும் தன் போனை எடுத்தார். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் போனில் படம் இருந்தது, கீழே வரியும் இருந்தது. அவர் போனில் வரி மட்டும்தான். "ரொம்ப வருத்தமான செய்தி." ஜிப் விலை ஏறியது எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அதைத்தான் புலம்புகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

படம் போகவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்று வந்து நின்றுபோனது என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை. சீன எண்ணில் பதிவான கணக்குகளுக்கு வீசாட் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் சோதனை செய்தே எழுதியிருக்கிறார்கள். லியு சியாவ்போ இறந்த அந்த நாள்களில், இரண்டு பேர் தனியாகப் பேசும் உரையாடலில்கூடப் படங்கள் வடிகட்டப்பட்டதை அவர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு முன் அவர்கள் அப்படிப் பார்த்ததில்லை. அந்த வாரத்தில் சிக்கிய படங்களில் ஒன்று என்னுடையது என்று இப்போது எனக்குத் தெரியும்.

என் போனில் இருந்த நாற்காலியை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. "ஹெ ஸியே" என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ஹெ ஸியே என்றால் இணக்கம், நல்லிணக்கம். ஹு ஜின்டாவ் அதிபராக இருந்தபோது "இணக்கமான சமுதாயம்" என்பது ஆட்சியின் பெரிய முழக்கம். ஒரு பதிவு காணாமல் போனால், சமுதாய இணக்கத்துக்காக நீக்கினார்கள் என்று ஆயிற்று. உடனே மக்கள் "என் பதிவு இணக்கப்படுத்தப்பட்டுவிட்டது" என்று எழுத ஆரம்பித்தார்கள். பிறகு அந்தச் சொல்லுக்கும் வடிகட்டி வந்தது. அதே ஒலியை வேறு தொனியில் சொன்னால் ஆற்று நண்டு என்று பொருள். சரி, நண்டு என்றே எழுதுவோம் என்று மாறிவிட்டார்கள். 2009இல் அந்த நண்டுக்கு ஒரு எதிரியும் கிடைத்தது. "புல் மண் குதிரை" என்று அல்பாக்கா போன்ற ஒரு கற்பனை விலங்கு. அந்தப் பெயரைச் சீனத்தில் வேகமாகச் சொன்னால் அம்மாவை இழுத்துத் திட்டும் கெட்ட வார்த்தை. பாலைவனத்தில் வாழும் அப்பாவி விலங்கு, நண்டோடு சண்டை போட்டு ஜெயிக்கிறது என்று பாட்டு, கார்ட்டூன், பொம்மை எல்லாம் வந்தன. எந்தத் தணிக்கை அதிகாரி "இது ஆபாசம்" என்று எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்?

சீன மொழி இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். தொனியை விட்டுவிட்டால் மொத்தமே 400 சொச்சம் அசைகள்தான். அதனால் எதைச் சொன்னாலும் அதே ஒலியில் இன்னும் பத்துச் சொல் வரிசையில் நிற்கும். சிலேடை என்றால் காளமேகம் என்று படித்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு குஷி வருவது இயல்பு. எனக்கும் வந்தது. ஊருக்குத் திரும்பியதும் நண்பர்களிடம் நண்டு கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

இப்போது அவ்வளவு சிரிப்பதில்லை. ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில் சுவர். வெளிநாட்டுத் தளங்களை மறிக்கச் சீன அரசு வைத்திருக்கும் ஏற்பாடு. கிரேட் ஃபயர்வால் என்று வெளியில் சொல்வார்கள். சீனர்கள் வெறுமனே "சுவர்" என்பார்கள், தடையைச் சுற்றிக்கொண்டு போகும் வி.பி.என். மென்பொருளைப் போட்டு வெளியே போவதற்கு "சுவர் ஏறுவது" என்று பெயர். முதல் பயணத்தில் ஹோட்டல் வைஃபையில் ஜிமெயில் சுற்றிக்கொண்டே இருந்தது. வைஃபையை அணைத்துவிட்டு நம் ஊர் சிம்மில் ரோமிங்கை ஆன் செய்தேன், உடனே திறந்தது. பக்கத்து அறை ஈரோட்டுக்காரர்தான் விளக்கினார். ரோமிங்கில் நம் டேட்டா முதலில் நம் ஊர் நிறுவனத்தின் வலைக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குப் போகிறது. அதனால் சுவருக்கு அது கண்ணில் படுவதில்லை. ஒரே கட்டில், ஒரே போன், ஒரு பட்டனைத் தட்டினால் வேறு உலகம்.

சுவர் என்ற சொல் கொஞ்சம் தப்பான சித்திரம் கொடுக்கும். இது வழியை மறித்து நிற்கும் கல்சுவர் இல்லை, ஒட்டுக்கேட்கிறவன் மாதிரி. நீங்கள் ஓர் இணையதளத்தின் முகவரியைக் கேட்டால், உண்மையான பதில் வருவதற்குள் நடுவிலிருந்து ஒருவன் முந்திக்கொண்டு பொய் முகவரி சொல்லிவிடுவான். அதைத் தாண்டி இணைப்பு கிடைத்துவிட்டால் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பான். தடைசெய்த சொல்லோ தளத்தின் பெயரோ காதில் விழுந்தால், உங்கள் குரலில் அந்தப் பக்கத்திடம் "சரி, வெச்சிடறேன்" என்பான், அந்தப் பக்கத்தின் குரலில் உங்களிடமும் "சரி, வெச்சிடறேன்" என்பான். இரண்டு கணினிகளும் மரியாதையாக இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். உங்களுக்குத் திரையில் தெரிவது ஏதோ நெட் கோளாறு மாதிரி ஒரு பிழைச் செய்தி. தடுக்கப்பட்டதா, கோளாறா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

1987 செப்டம்பரில் சீனாவிலிருந்து ஜெர்மனிக்குப் போன முதல் மின்னஞ்சலில், பெருஞ்சுவரைத் தாண்டி உலகத்தின் எந்த மூலையையும் நாம் தொட முடியும் என்று எழுதியிருந்தார்களாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் புதுச் சுவர் எழும்பத் தொடங்கிவிட்டது. அதன் தந்தை என்று பெயர் வாங்கியவர் ஃபாங் பின்சிங். 2011இல் வூஹான் பல்கலைக்கழகத்துக்குப் பேச வந்தபோது ஒரு மாணவர் அவர் மேல் ஷூவை வீசினார். எனக்குப் பிடித்தது 2016இல் நடந்தது. ஹார்பினில், தான் படித்த கல்லூரியிலேயே இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உதாரணத்துக்காகத் தென்கொரியத் தளம் ஒன்றைத் திறந்து காட்டப் போனார். திறக்கவில்லை. அத்தனை மாணவர்கள் முன்னால், திரையில், தான் கட்டிய சுவரைத் தானே வி.பி.என். போட்டு ஏற வேண்டியதாயிற்று.

ஆனால் சுவரைப் பற்றி அதிகம் பேசினால் விஷயம் கையைவிட்டுப் போய்விடும். பெரும்பாலான சீனர்கள் சுவரில் முட்டிக்கொள்வதே இல்லை. உள்ளேயே எல்லாம் இருக்கிறது. 2009 ஜூலையில் மேற்குச் சீனாவின் உரும்ச்சி நகரத்தில் நடந்த கலவரத்தை ஒட்டி ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் மூடப்பட்டன. அடுத்த மாதமே, ட்விட்டர் மாதிரியான உள்ளூர்த் தளம் வெய்போ வந்தது. இந்த உள்ளூர் நிறுவனங்களில் யார் என்ன எழுதினாலும் அந்தந்த நிறுவனம்தான் பொறுப்பு. அதனால் தணிக்கை வேலையை அரசு செய்வதைவிட நிறுவனம்தான் அதிகம் செய்கிறது, கொஞ்சம் கூடுதலாகவே செய்கிறது. எல்லை எங்கே என்று தெரியாதபோது நாலடி தள்ளி நிற்பதுதானே புத்திசாலித்தனம்? எழுதுகிறவருக்கும் அப்படித்தான். 2013இல் நீதிமன்ற விளக்கம் ஒன்று வந்தது. அவதூறு என்று முடிவான ஒரு பதிவை 500 பேர் பகிர்ந்தாலோ 5,000 பேர் பார்த்தாலோ சிறை வரை போகலாம். அதாவது உங்கள் பதிவு எத்தனை பேருக்குப் பிடிக்கிறதோ அத்தனை ஆபத்து.

என்ன நீக்கப்படுகிறது என்பதையும் நாம் வெளியிலிருந்து தப்பாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். ஹார்வர்டின் கேரி கிங்கும் அவருடன் இருந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு எனக்குக் கண்ணைத் திறந்தது. அரசைத் திட்டுவது, உள்ளூர் அதிகாரியைத் திருடன் என்பது, இதெல்லாம் நிறையவே விட்டுவைக்கப்படுகிறது. கூட்டம் சேர வழி இருக்கும் பேச்சுதான் பாய்ந்து நீக்கப்படுகிறது, அது அரசைப் புகழ்ந்தாலும்கூட. அதே குழு 2017இல் இன்னொன்றும் சொன்னது. அரசு ஆள்கள் வருஷத்துக்குச் சுமார் 44 கோடியே 80 லட்சம் பதிவுகளைப் பொதுமக்கள் போல எழுதிப் போடுகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. "ஐம்பது காசுக் கட்சி" என்று இவர்களை மக்கள் கேலி செய்வார்கள், ஒரு பதிவுக்கு அரை யுவான் கூலி என்று. ஆனால் ஆய்வில் பார்த்தால் இவர்கள் யாரோடும் சண்டை போடுவதில்லை. நாட்டைப் புகழ்ந்து, தியாகிகளை நினைவுகூர்ந்து, நல்லதாக நாலு வார்த்தை எழுதிப் பேச்சைத் திருப்பிவிடுகிறார்கள். நான் படித்ததும் ஜிப் விலைதான் ஞாபகம் வந்தது.

சரி, நண்டு கதைக்கு ஏன் சிரிப்பதில்லை என்று சொல்கிறேன். அதற்கு 2007இல் செங்டு நகரத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்த ஊர் மாலைப் பத்திரிகை ஒன்றில் வரி விளம்பரம் பகுதி. 2007 ஜூன் 4 அன்று அதன் மூலையில் ஒரே வரி வந்தது. "ஜூன் நான்கில் பலியானவர்களின் மனவலிமை மிக்க அன்னையருக்கு வணக்கம்." சீனாவில் அச்சில் வரவே முடியாத வரி. 1989 ஜூன் 3 இரவிலும் 4ஆம் தேதியும் பெய்ஜிங்கில் ராணுவம் சுட்டுக் கொன்ற மாணவர்களையும் பொதுமக்களையும் பற்றியது. அவர்களுடைய தாய்மார்கள் பல வருஷங்களாகப் பெயர்ப்பட்டியல் சேகரித்து வருகிறார்கள். எப்படி வந்தது இந்த வரி? விளம்பரம் வாங்கும் மேசையில் இருந்த இளம் பெண்ணுக்கு "ஜூன் நான்கு" என்றால் என்னவென்று தெரியவில்லை. சந்தேகம் வந்து, கொடுத்தவருக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அது ஒரு சுரங்க விபத்து நடந்த தேதி என்று பதில் வந்தது. பாவம், உண்மை என்று நம்பி அச்சுக்கு அனுப்பிவிட்டார். பிறகு ஆசிரியர் குழுவில் சிலருக்கு வேலை போனது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அரசுக்கு நல்ல மூக்குடைப்பு என்று முடிப்பார்கள். நானும் அப்படித்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். யோசித்தால் எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பெண்தான். பதினெட்டு வருஷத்தில், அதே நாட்டில், படித்து வேலைக்கு வந்த ஒருவருக்கு அந்தத் தேதி வெறும் தேதி. தணிக்கை முழுசாக ஜெயித்துவிட்டது. அவ்வளவு ஜெயித்ததால்தான் தோற்றது.

இது ஏதோ ஒரு தடவை நடந்த விபத்தும் இல்லை. 2022 ஜூன் 3 இரவு, லிப்ஸ்டிக் விற்பதில் புகழ்பெற்ற லி ஜியாச்சி நேரலையில் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார். அடுக்கடுக்கான ஐஸ்கிரீம் கேக், பக்கத்தில் பிஸ்கட்டுகளை ஒட்டிச் சக்கரம் மாதிரி, மேலே ஒரு குழல். பார்த்தால் டாங்கி. நேரலை சட்டென்று நின்றது. அவருக்குத் தெரிந்து செய்தாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய லட்சக்கணக்கான இளம் ரசிகர்கள் "ஐஸ்கிரீமில் என்ன தப்பு?" என்று தேட ஆரம்பித்தார்கள். டாங்கி என்றால் ஏன் ஆகாது என்பதைச் சிலர் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். செங்டுவில் இருக்கும் ஒரு தணிக்கை ஒப்பந்த நிறுவனத்தைப் பற்றி 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு 1989இல் நடந்தது தெரியாது, லியு சியாவ்போ என்ற பெயரும் தெரியாது. தெரியாததை எப்படித் தடுப்பார்கள்? அதனால் வேலையில் சேர்ந்ததும் அந்த வரலாற்றை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாட்டில் அதைப் பாடமாகக் கற்பிக்கும் வகுப்பறை அதுதான் போலிருக்கிறது.

சிலேடைக்கு வருகிறேன். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் வைத்தால், கேட்கிறவனுக்கு இரண்டும் தெரியும். தெரிவதில்தான் சுவை. சீன இணையத்தின் இரட்டுற மொழிதல் அப்படியில்லை. ஜூன் 4 என்று எழுத முடியாததால் "மே 35" என்று எழுதுகிறார்கள். தெரிந்தவனுக்கு நெஞ்சில் தைக்கும். தெரியாதவனுக்கு அது வெறும் எழுத்துப்பிழை. முதல் அர்த்தம் தெரியாத தலைமுறைக்கு இரண்டாவது அர்த்தத்தால் என்ன பயன்? ஒவ்வொரு குறிச்சொல்லும் பிடிபட்டு, இன்னும் மறைவான ஒன்று வந்து, அந்த வட்டம் சின்னதாகிக்கொண்டே போகிறது. கடைசியில் நண்டு ஜெயித்துவிடும்.

பட்டியல் நீளமாகப் போவது பார்க்க வேடிக்கைதான், மறுக்கவில்லை. 2012 ஜூன் 4 அன்று ஷாங்காய் பங்குக் குறியீடு சரியாக 64.89 புள்ளி விழுந்தது. தேதியும் வருஷமும் அப்படியே. வெய்போவில் அன்று பங்குக் குறியீட்டின் பெயரையே தேட முடியவில்லை. அடுத்த வருஷம், 1989இல் பெய்ஜிங்கில் ராணுவ டாங்கிகள் முன்னால் தனியாக நின்ற மனிதரின் படத்தில் டாங்கிகளுக்குப் பதில் யாரோ மஞ்சள் ரப்பர் வாத்துகளை வைத்தார்கள். "பெரிய மஞ்சள் வாத்து" தடை. 2018 பிப்ரவரியில் அதிபருக்கான இரண்டு பதவிக்கால வரம்பை எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், "எனக்குச் சம்மதமில்லை" என்ற சொல் தடை, "அரசர்" தடை, கொஞ்ச நேரத்துக்கு 'என்' என்ற ஆங்கில எழுத்தே தடை. எத்தனை முறை என்பதைக் குறிக்கும் கணித எழுத்து என்பதால் இருக்கலாம் என்று ஒரு மொழியியலாளர் ஊகித்தார். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கும்போது, எல்லாருமே சுவர் ஏறத் துடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. அது உண்மையில்லை. பெய்ஜிங்கின் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒன்றரை வருஷத்துக்கு இலவசமாகச் சுவர் ஏறும் வசதியைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதைத் திறக்கவே இல்லை. திறந்தவர்களிலும் வெளிநாட்டுச் செய்தி படித்தவர்கள் மிகச் சிலர். செய்தி படித்தால் சின்னப் பரிசு என்று கொஞ்ச காலம் ஊக்கம் கொடுத்த பிறகுதான் படிக்கத் தொடங்கினார்கள், அப்புறம் ஊக்கம் நின்ற பிறகும் படித்தார்கள். ருசி தெரியாத பண்டத்துக்கு நாக்கு ஏங்காது என்பார் என் பாட்டி.

எங்கள் மொழிபெயர்ப்பாளரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு தடவை, 2018இல், காரில் போகும்போது நேரடியாகவே கேட்டுவிட்டேன். ஜூன் 4 பற்றி உனக்குத் தெரியுமா என்று. அவர் ஓட்டுநரின் பின்தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மதியம் எங்கே சாப்பிடலாம் என்றார். என் ஆர்வத்துக்கு வாடகை கட்ட வேண்டியவர் அவர் என்பது என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. அங்கே போலீஸ் விசாரணைக்குக் கூப்பிடுவதை "தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள்" என்று சொல்வார்கள். நான் விமானம் ஏறிவிடுவேன். தேநீர் குடிக்கப் போவது யார்?

2020 வந்தது. இதில் மட்டும் எனக்கு நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2019 டிசம்பர் 30 அன்று வூஹான் மத்திய மருத்துவமனையின் அவசரப் பிரிவுத் தலைவர் டாக்டர் ஐ ஃபென் கையில் ஓர் ஆய்வக அறிக்கை வந்தது. "சார்ஸ் கொரோனா வைரஸ்" என்ற சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டுப் படமெடுத்து, வேறொரு மருத்துவமனையில் இருந்த நண்பருக்கு அனுப்பினார். அது கைமாறி அதே மருத்துவமனையின் கண் மருத்துவர் லி வென்லியாங்குக்குப் போனது. அவர் தன் கூடப் படித்தவர்களின் வீசாட் குழுவில், கவனமாக இருங்கள் என்று போட்டார். ஐ ஃபென்னை மருத்துவமனை நிர்வாகம் கூப்பிட்டுக் கடுமையாகக் கண்டித்தது. லி வென்லியாங்கை ஜனவரி 3 அன்று காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். வதந்தி பரப்பியதாக ஒரு கண்டனக் கடிதம். அதில் இரண்டு கேள்விகள். இனி இப்படிச் செய்யாமல் இருக்க முடியுமா? "முடியும்" என்று எழுதினார். புரிந்ததா? "புரிந்தது" என்று எழுதி, சிவப்பு மையில் கைநாட்டு வைத்தார்.

பிறகு அவரே தொற்றுக்கு ஆளாகி, பிப்ரவரி 7 அதிகாலை இறந்துபோனார். அன்று இரவு சீனாவில் யாரும் தூங்கவில்லை என்று எங்கள் மொழிபெயர்ப்பாளர் பிறகு சொன்னார். "எனக்குப் பேச்சுரிமை வேண்டும்" என்ற ஹேஷ்டேக் எழும்பி, சில மணி நேரத்தில் நீக்கப்பட்டது. முகக்கவசத்தில் "முடியாது, புரியவில்லை" என்று எழுதிப் படமெடுத்துப் போட்டவர்கள் உண்டு. இதில் குறிச்சொல் இல்லை, நண்டும் வாத்தும் இல்லை. கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில்.

மார்ச் 10 அன்று, ஷி ஜின்பிங் வூஹான் வந்த அதே நாளில், ஐ ஃபென்னின் நேர்காணல் ஒரு பத்திரிகையில் வந்தது. நான் எச்சரிக்கை ஊதியவள் இல்லை, ஊதலை எடுத்துக் கொடுத்தவள் என்று அதில் சொல்லியிருந்தார். இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்திருந்தால் கண்டனத்தைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன், எல்லாரிடமும் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். கட்டுரை சில மணி நேரத்தில் போய்விட்டது. அதன்பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். மக்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். தலைகீழாக, பின்னாலிருந்து முன்னால், மேலிருந்து கீழாக, எமோஜியில், மோர்ஸ் குறியீட்டில், பிரெயிலில், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய எலும்புச் சாசன எழுத்தில். எமோஜியில் எழுதியதை முழுக்கப் படித்துப் புரிந்துகொள்ள யாராலும் முடியாது. படிப்பதற்காக அதைச் செய்யவில்லை. நீ அழித்தாய், நான் பார்த்தேன் என்று சொல்வதற்காகச் செய்தார்கள். அந்த மாதிரிக் கட்டுரைகளைக் கிட்ஹப் என்ற நிரலர்கள் தளத்தில் சேமித்துவைத்த இரண்டு இளைஞர்களுக்கு, 2021இல் 15 மாதச் சிறை.

எனக்கு இந்த எமோஜிக் கட்டுரை ஒரு விதத்தில் பதில் சொல்லிற்று. மறதி அத்தனை முழுமையாக ஜெயிக்கவில்லை என்று. ஒரு விதத்தில் இல்லை. 2022 நவம்பரில் உரும்ச்சித் தீவிபத்துக்குப் பிறகு இளைஞர்கள் தெருவில் நின்றபோது கையில் பிடித்தது வெற்று ஏ4 தாள். எழுதியிருந்தால்தானே அழிப்பாய் என்று கேட்ட தாள். நூறு பக்கக் கட்டுரையைவிட அது சத்தமாகப் பேசியது உண்மை. ஆனாலும் சொற்களில் செல்வம் கொழிக்கும் அந்த மொழியின் பிள்ளைகள் கடைசியில் வந்து நின்ற இடம் வெற்றுத் தாளா என்ற எண்ணமும் எனக்கு வந்தது.

இதற்கு நடுவில் எங்கள் பக்கத்திலும் ஒன்று நடந்தது. கல்வான் மோதலுக்குப் பிறகு, 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். பட்டியலில் வீசாட்டும் இருந்தது, வெய்போவும் இருந்தது. சில நாளில் என் வீசாட் நின்றது. ஐந்து வருஷத்து உரையாடல், சாம்பிள் படங்கள், சேராத அந்த நாற்காலிப் படம், எல்லாம் அதோடு போயிற்று. எல்லைப் பிரச்சினைக்குக் காரணம் இருக்கலாம், பாதுகாப்புக் கவலையும் உண்மையாகவே இருக்கலாம். இரண்டு நாட்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. இங்கே உட்கார்ந்து இதை என் பெயரில் எழுத முடிகிறது. ஆனால் தடை அறிவித்த அன்று எங்கள் அலுவலகத்தில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் எழுதிவிட வேண்டும். மறுநாள் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், இனி வீசாட்டில் வர முடியாது என்று. பதில் ஒரே வரியில் வந்தது. "உங்க ஊர்லயும் நண்டு இருக்கா அண்ணா?"

2023 அக்டோபரில்தான் மறுபடி போனேன். நூடுல்ஸ் கடை மூடியிருந்தது, வேறு கடையில் உட்கார்ந்தோம். அவருக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை. நான் இந்த முறை எதுவும் கேட்கக் கூடாது என்று முடிவோடு போயிருந்தேன். அவராகத்தான் போனை எடுத்து, எதையோ தேடி, என் பக்கம் திருப்பினார். வெய்போவில் ஒரு பக்கம். 2020 பிப்ரவரி 1 அன்று லி வென்லியாங் போட்ட கடைசிப் பதிவு. இன்று பரிசோதனை முடிவு வந்தது, தொற்று உறுதி என்று இரண்டு வரி. அதன் கீழே பத்து லட்சத்துக்கும் மேல் பின்னூட்டங்கள், இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. "அழுகைச் சுவர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அரசியல் அதிகம் இல்லை. டாக்டர் லி, காலை வணக்கம். டாக்டர் லி, நாளைக்குப் பரீட்சை. அவர் பொரித்த கோழிக்கால் பிரியர், அதனால் இன்றைக்குக் கோழிக்கால் சாப்பிட்டேன் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இதை மட்டும் ஏனோ விட்டுவைத்திருக்கிறார்கள்.

அவர் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார், ரேட் சொல்லும் அதே குரலில்.

"நீயும் எழுதியிருக்கியா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு தடவை. ச்சி லெ மா என்று."

சாப்பிட்டீங்களா என்று அர்த்தம். அங்கேயும் நம்மைப்போலவே பார்த்தவுடன் கேட்பது அதுதான்.

அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. போனைக்கூட எடுத்துவிட்டேன். திரும்பச் சட்டைப்பையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பில்லைக் கொடுத்துவிட்டு எழுந்தார். "அண்ணா, ஜிப் கடையை அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."